அண்ணனைத் தேடி வருபவர்கள் உம்மையும் கேட்டால்

தம்பி, யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து கனடாவில் ஸ்காபரோவுக்கு வந்து மூன்று மாதம் என்று எழுதியிருக்கிறீர். அண்ணன் புலிகள் இயக்கத்தில் இருந்தவர், 2009இல் வன்னியில் காணாமல் போனவர், இன்னும் வீட்டுக்கு வந்து விசாரிக்கிறார்கள், நான் எதிலும் இருந்ததில்லை, அவருடைய தம்பி என்பதே அகதிக் கோரிக்கைக்குப் போதுமா என்று கேட்கிறீர். வாடகை, குளிர், வேலை எல்லாம் இரண்டு குளிர்காலத்தில் தானாகப் பிடிபடும். கேஸைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கையில் ஐந்து காரணங்கள் உண்டு: இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு ஒன்றைச் சேர்ந்திருப்பது. கடைசிக் காரணத்துக்குள்தான் குடும்பம் வரும். பிறப்போடு வந்த, மாற்ற முடியாத தன்மையால் சேர்ந்தவர்களும் அப்படி ஒரு குழுதான் என்று 1993இல் வார்டு வழக்கில் கனடா உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடப்பிறந்த உறவை யார் மாற்ற முடியும்?

ஆனால் உறவு மட்டும் காணாது. அண்ணனைத் தேடிய காரணமே அந்த ஐந்தில் ஒன்றாக இருக்க வேண்டும். காணிச் சண்டைக்கோ கடனுக்கோ தேடினால், தம்பி என்ற உறவு இந்த வழியில் உதவாது. உம்முடைய அண்ணன் விஷயம் அரசியல், அது சரி. அடுத்தது, அந்த ஆபத்து உம்வரைக்கும் வருகிறது என்று காட்ட வேண்டும். அம்மா அங்கே அதே வீட்டில்தானே இருக்கிறார், உமக்கு மட்டும் என்ன பயம் என்று விசாரணையில் கட்டாயம் கேட்பார்கள். அண்ணனுடைய அரசியலை உம் தலையிலும் போடுகிறார்கள் என்பதையும் வழக்கறிஞரிடம் சேர்த்து எழுதச் சொல்லும். மாமா இங்கே அகதியாக ஏற்கப்பட்டவர், அதனால் உமக்கும் கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஏற்கப்பட்டவர் தன் நிரந்தர வதிவிட விண்ணப்பத்தில் சேர்க்கக்கூடியது துணையையும் தங்கி வாழும் பிள்ளைகளையும்தான்.

நான் வந்தது 1997இல். அதற்கு முந்தின வருடம் யாழ்ப்பாணத்தில் என் அண்ணனைச் சோதனைச் சாவடியில் பிடித்தார்கள், பிறகு தகவலே இல்லை. எங்கட ஆள் ஒருவர் தன் வீட்டு பேஸ்மென்டில் இருந்து கேஸ் எழுதிக் கொடுப்பார். நடந்ததைச் சொன்னேன். "அண்ணன்ர கதை எடுபடாது, உம்மைப் பிடிச்சு அடிச்சதா எழுதுவம்" என்றார். காசும் வாங்கினார். விசாரணையில், அடைத்து வைத்த அறையில் ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். நான் வாய் திறக்கவில்லை. மொழிபெயர்த்த பெண் கேள்வியை இன்னொரு முறை மெதுவாகச் சொன்னார். ரிஜெக்ட் ஆகிவிட்டது.

அன்று என் பையில் அம்மாவின் நீலநிற ஏரோகிராம் இருந்தது. "திரும்பவும் வந்தாங்கள். அண்ணாவைப் பற்றிக் கேட்டிட்டு, சுவரில இருந்த உன்ர படத்தையும் கழட்டிக்கொண்டு போட்டாங்கள்." மேலே திகதியும் போட்டிருந்தார். என் கேஸ் முழுவதும் அந்த மூன்று வரியில் இருந்தது. நான் அதை யாருக்கும் காட்டவில்லை.

பிறகு மனிதாபிமான விண்ணப்பம் போட்டு, இரவில் கோப்பை கழுவி, காலையில் ஆங்கில வகுப்புக்குப் போய், ஐந்து வருடம் கழித்துத்தான் நிரந்தர வதிவிடம் கிடைத்தது. இன்று எந்தக் கடிதத்தையும் நானே வாசித்து நானே பதில் எழுதுகிறேன். 80களில் வந்து வீடும் கடையும் வாங்கினவர்களில் சிலர், "இப்ப அங்க என்ன பிரச்சினை, ஏன் வாறீங்கள்" என்று உம்மிடமும் கேட்பார்கள். எனக்கு அது தாங்க முடியாத கோபம். அவர்கள் வந்தபோது யாரும் அவர்களை அப்படிக் கேட்கவில்லை.

பேஸ்மென்ட் ஆட்களிடம் போக வேண்டாம். வசதி இல்லாதவர்களுக்குச் சட்ட உதவி செய்கிற லீகல் எய்டில் கேட்டு, அகதி வழக்கு செய்கிற வழக்கறிஞரைப் பிடியும். இன்றிரவே அம்மாவுக்குப் போன் எடும். யார் வந்தார்கள், சீருடையா சிவிலா, எந்த நாள், உம்முடைய பெயரைச் சொல்லிக் கேட்டார்களா என்று அவர் தன் கையால் எழுதி, படம் எடுத்து அனுப்பட்டும். நாள் நினைவில்லை என்றால் இல்லை என்றே எழுதட்டும்.