பெட்டிக்குப் பூட்டு போட்டால் தப்பா?

மேடம்,

எனக்கு வயது 25. வியாசர்பாடியில் வாடகை வீடு. ஒரு ஹால், ஒரு ரூம், கிச்சன், அவ்வளவுதான். ரூமில் அம்மா, ஆயா, நான். ஹாலில் அப்பாவும் தம்பியும். வீட்டுக்கே ஒரு பீரோ, அதன் சாவி எப்போதும் அதிலேயே தொங்கும். எனக்கென்று இருப்பது அதில் ஒரு தட்டு.

மூன்று வருடமாக ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். போன மாதம் அம்மா அதைப் படித்துவிட்டார். ஆபீசில் கூட வேலை செய்பவரைப் பற்றி ரெண்டே ரெண்டு வரி இருந்தது. அன்றிலிருந்து நான் போன் பேசினால் பக்கத்தில் வந்து நிற்கிறார். தம்பி என் பையிலிருந்து நூறு, இருநூறு எடுப்பான். கேட்டால், "அக்கா காசுதானே" என்கிறான். சத்தம் போட்டேன். "பெத்தவகிட்ட மறைக்க என்னடி இருக்கு?" என்று அம்மா அழுதார். அப்பாவோ, "வூட்டுக்குள்ளயே பூட்டு போட்டா அது குடும்பமா?" என்கிறார்.

நோட்டு இப்போது அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது. ராத்திரி இரண்டு மூன்று தடவை எழுந்து போய்ப் பார்க்கிறேன். ஒரு பெட்டி வாங்கிப் பூட்டிவைக்க ஆசை. சுவரில் ஆணி அடித்தால் ஹவுஸ் ஓனர் அட்வான்சில் பிடிப்பார். நான் நினைப்பது தப்பா? எப்படிச் செய்வது?

– பெயர் வேண்டாம், வியாசர்பாடி

அன்புள்ள வாசகிக்கு,

தப்பில்லை. பெட்டி வாங்குங்கள். ஆனால் யாருக்கும் தெரியாமல் வாங்கி வராதீர்கள்.

அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்த நோட்டு தூக்கத்தைக் கெடுப்பதில் ஆச்சரியமில்லை. ஒளித்த பொருளுக்கு நீங்கள்தான் காவல். யார் கிச்சன் பக்கம் போனாலும் மனசு கூடவே போகும். பூட்டிய பொருளுக்குப் பூட்டு காவல், நீங்கள் தூங்கலாம். இன்னொன்றும் உண்டு. ஒளித்ததைத் தற்செயலாகப் பார்ப்பவர் எடுத்துப் புரட்டிவிட்டு, "கண்ணில் பட்டது" என்று சொல்லிவிடலாம். எல்லார் கண்ணெதிரிலும் பூட்டி வைத்ததைத் திறந்தவர் அப்படிச் சொல்ல முடியாது.

முதலில் அம்மா. அந்த இரண்டு வரிக்குப் பிறகு திடீரென்று ஒரு பூட்டு வந்தால், அதை அவர் மூன்றாவது வரியாகத்தான் படிப்பார். அதனால் கடைக்குப் போகும் முன்பே சொல்லிவிடுங்கள். அப்பா, ஆயா எதிரில் வேண்டாம். அங்கே அவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பேசுவார். கீரை ஆய்கிற நேரம், துணி மடிக்கிற நேரம் நல்லது. கை வேலையாக இருக்கும், முகத்தைப் பார்த்துப் பேசவேண்டிய சங்கடமும் இல்லை. "அம்மா, ஒரு பெட்டி வாங்கப் போறேன். என் சர்ட்டிஃபிகேட், நோட்டு, கொஞ்சம் பணம் இருக்கும். நீங்க பயப்படற மாதிரி ஒண்ணும் இல்ல. நான் இல்லாதப்ப மட்டும் தொறக்க வேணாம்." இவ்வளவு போதும். உள்ளே என்னென்ன வகைப் பொருள் என்று சொல்லுங்கள், என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லவேண்டியதில்லை. அழுதால் அழட்டும், பக்கத்திலேயே இருங்கள். சமாதானத்துக்காக, "இந்த ஒரு தடவை பாத்துக்கோங்க" என்று நோட்டை நீட்டிவிடாதீர்கள். அடுத்த சண்டைக்கு அதுவே வழக்கமாகிவிடும். அந்த நண்பரைப் பற்றி அம்மா கேட்டால் அது வேறு பேச்சு. அதையும் பெட்டியையும் ஒரே நாளில் பேசாதீர்கள்.

இனி பெட்டி. பாத்திரக் கடையில் கிடைக்கும் சின்ன ட்ரங்குப் பெட்டி, 18 அங்குல நீளம் போதும். பெரிதாக வாங்கினால் மற்றவர்களின் சாமானும் உள்ளே வரும், சாவியும் பொதுவாகிவிடும். வாங்கும்போது இரண்டு இடத்தைப் பாருங்கள். நாதாங்கியை மெல்லிய தகரத்தில் இரண்டு ரிவிட் வைத்துத்தான் பிடித்திருப்பார்கள். ஸ்க்ரூடிரைவர் வைத்து நெம்பினால் தகரத்தோடு வந்துவிடும். ரிவிட்டைத் துளையிட்டு எடுத்துவிட்டு, தலையில் வெட்டு இல்லாத போல்ட்டை வெளியிலிருந்து விட்டு, உள்ளே வாஷரும் இரட்டை நட்டும் போட்டு முடுக்கச் சொல்லுங்கள். அடுத்தது பின்பக்கக் கீல். அதன் கம்பி முனைகள் அடித்துத் தட்டையாக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு ஆணியும் கல்லும் போதும், பூட்டைத் தொடாமலே மூடி கழன்றுவிடும். கட்டில் காலோடு சங்கிலி போடுவதெல்லாம் வேண்டாம். வீட்டுக்குள் யாரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடப்போவதில்லை, பார்க்கிறவர் மனசைத்தான் அது குத்தும்.

பூட்டு 40 மி.மீ. பித்தளையில் வாங்குங்கள். இரும்புப் பூட்டு நம் பக்கத்து உப்புக் காற்றில் சீக்கிரம் இறுகிவிடும். நாதாங்கி ஓட்டையில் பூட்டின் வளையம் நுழைகிறதா என்று கடையிலேயே போட்டுப் பாருங்கள், பலரும் ஏமாறுவது இதில்தான். இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், தூசியைப் பிடித்துப் பிசினாகும். பென்சில் கரியைச் சீவி, சாவியில் தடவி நாலு முறை திருப்பினால் போதும். நம்பர் பூட்டு உங்கள் வீட்டுக்கு ஒத்துவராது. மூன்று சக்கரத்தில் மொத்தமே 1,000 எண்கள். எண்ணுக்கு இரண்டு நொடி என்றாலும் தம்பிக்கு அரை மணி நேர வேலை.

பணத்தைப் பெட்டியில் சேர்க்காதீர்கள். அந்த வாரச் செலவுக்கு மட்டும் வையுங்கள், மிச்சம் வங்கியிலேயே இருக்கட்டும். தம்பியிடம், "மாசம் இவ்வளவு தர்றேன், பையில கை வைக்காத" என்று ஒரு தொகையைச் சொல்லி, சம்பள நாளில் நீங்களே கொடுத்துவிடுங்கள். அதன் பிறகும் எடுத்தால் அடுத்த மாதத்தில் கழியுங்கள். கத்துவதைவிட இது வேலை செய்யும்.

போனில் கைரேகை மட்டும் வைத்திருந்தால், நீங்கள் தூங்கும்போது விரலை எடுத்து வைத்தே திறந்துவிடலாம். ராத்திரிக்கு அதை நிறுத்திவிட்டு ஆறு இலக்க எண் வையுங்கள். பூட்டிய திரையில் மெசேஜ் தெரிவதையும் நிறுத்துங்கள். வாட்ஸப்பில் 'லிங்க்டு டிவைசஸ்' பகுதியைத் திறந்து, தெரியாத கம்ப்யூட்டர் எதுவும் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

தனியாக உட்கார இடம் வேண்டுமென்றால், ரூமில் எதிரெதிராக இருக்கும் இரண்டு சுவருக்கு நடுவில் ஸ்பிரிங் ராடு அழுத்தி நிற்கும், ஆணி தேவையில்லை. பழைய காட்டன் புடவையை இரண்டாக மடித்துத் தொங்கவிடுங்கள், ஆனால் கூரைவரை வேண்டாம். மேலே ஒன்றரை அடி விட்டால்தான் ஃபேன் காற்று உள்ளே வரும், இல்லையென்றால் இரண்டாம் நாளே நீங்களே கழற்றிவிடுவீர்கள். ராத்திரி ஒன்பதிலிருந்து பத்து வரை மூடியிருக்கும், மற்ற நேரம் திறந்திருக்கும் என்று நேரம் சொல்லிவிட்டால் ஆயாவுக்கும் உறுத்தாது. விடுமுறை நாளில் வெளியே உட்கார்ந்து எழுத, 2024-ல் கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகம் (படிக்கவும் வேலை செய்யவும் உட்காருகிற பொது இடம்) உங்களுக்குப் பக்கம்தான்.

எழுதியதையெல்லாம் வைத்திருக்கவேண்டும் என்பதும் இல்லை. 1986-ல் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் செய்த ஆய்வில், மனதை அழுத்துவதைத் தொடர்ந்து நான்கு நாள், தினம் 15 நிமிடம் எழுதவைத்தார்கள். எழுதுகிற நேரத்தில்தான் மனசு வேலை செய்கிறது. மிகவும் சூடான பக்கத்தை எழுதி முடித்ததும் கிழித்துவிடலாம்.

பெட்டி வந்த பிறகும் ஒரு மாதத்துக்கு மேல் ராத்திரி எழுந்து பூட்டை இழுத்துப் பார்த்தால், அது பூட்டின் குறை இல்லை. அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐ அழைத்துத் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. ஸ்டான்லி மருத்துவமனை மனநலப் பிரிவுக்கும் போகலாம். உங்கள் ஏடிஎம் கார்டு, போன், சர்ட்டிஃபிகேட் இவற்றை யாராவது பிடுங்கி வைத்துக்கொண்டாலோ, வேலைக்குப் போகக்கூடாது என்று தடுத்தாலோ, அது பாசத்தால் வரும் தலையீடு இல்லை. அப்போது பெண்கள் உதவி எண் 181-ஐ அழையுங்கள்.

பூட்டோடு வரும் இரண்டு சாவியையும் ஒரே வளையத்தில் போடாதீர்கள். ஒன்று உங்களிடம், இன்னொன்று ஆபீஸ் டிராயரில். கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றாலே உங்கள் தெருவும் சந்தேகம்தான். அதனால் அக்டோபர் பிறந்ததும் பெட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுத்துப் பரண் மேல் ஏற்றுங்கள். சர்ட்டிஃபிகேட்டை லேமினேட் செய்யாமல் ஜிப் கவரில், ஷூ டப்பாவில் வருமே அந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.