கோயிலில் தாலி, கோலாலம்பூரில் பதிவு: எது முதலில்?

பதிவுதான் முதலில். மதுரையில் தாலி கட்டிவிட்டு வந்து கோலாலம்பூரில் பதியலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வரிசையைத் திருப்பிப் போடுங்கள். கோயில் ரசீதே திருமணச் சான்றிதழ் என்று பெரியவர்கள் நம்புவதால் வரும் குழப்பம் இது.

மலேசியாவின் தேசியப் பதிவிலாகாவில் விண்ணப்பித்தால் திருமண அறிவிப்பு 21 நாள் பொதுமக்கள் பார்வைக்கு இருக்கும். விண்ணப்பித்த 6 மாதத்துக்குள் பதிவை முடிக்க வேண்டும். டிக்கெட் எடுக்குமுன் இந்த நாள்களை எண்ணிவிடுங்கள். அடையாள அட்டையிலும் கடப்பிதழிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். அப்பா பெயரில்தான் நம்மவர்களுக்கு இடிக்கும்.

இந்தியாவிலேயே சட்டப்படி பதிந்தால் கதை வேறு: திருமணமான 6 மாதத்துக்குள் அங்குள்ள மலேசியத் தூதரகத்தில் பதிய வேண்டும்; அதற்குள் நாடு திரும்பிவிட்டால், வந்த 6 மாதத்துக்குள் இங்கே. இதெல்லாம் இருவரும் முஸ்லிம் அல்லாதவராக இருந்தால் மட்டுமே.

தாலிக்கு முன்பே பதிந்துவிட்டதைப் பாட்டியிடம் சொல்லத் தேவையில்லை.