‘லைன்’ என்னும் சொல்: உங்கள் கேள்விகளும் ஆங்கில ஆசிரியரின் பதில்களும்

மஸ்கெலியா வாசகர்: தோட்டத்தில் நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடு லயன், புகையிரதப் பாதையும் தொலைபேசி இணைப்பும் லைன். எல்லாம் ஒரே சொல்லா, சேர்?

பதில்: ஒரே சொல்தான். இலத்தீனில் ஆளிச்செடிக்கு லீனும் என்றும், அதன் நாரில் திரித்த நூலுக்கு லீனியா என்றும் பெயர். இழுத்துப் பிடித்த நூல் கோட்டையும், கோடு தன்னைப்போல் நீண்டு செல்லும் கம்பியையும், 1924இல் பதுளையை எட்டிய நமது புகையிரதப் பாதை போன்றவற்றையும் குறிக்கலாயிற்று. படைமுகாமில் வரிசையாக நின்ற கூடாரங்களையும் குடில்களையும் ஆங்கிலேயர் பன்மையில் லைன்ஸ் என்றனர்; இந்திய நகரங்களில் பொலிஸ் லைன்ஸ் என்ற பெயர் இன்றும் வழங்குகிறது. காம்பராக்களை ஒட்டி ஒட்டிக் கட்டிய நமது நீண்ட கட்டடத்தின் பெயரும் அவ்வழக்கைச் சேர்ந்ததே. ஆனால் வெளிநாட்டவருக்கு எழுதும்போது ‘லைன் ரூம்ஸ்’ என்று மட்டும் எழுதிவிட்டு நகராதீர்கள். ஒரு கூரையின் கீழ் எத்தனை குடும்பங்கள் வாழ்கின்றன என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அவருக்கு விளங்கும்.

பண்டாரவளை தையல்காரர்: சட்டைக்கு உள்துணி வைப்பதை லைனிங் என்கிறோமே, அதில் கோடு எங்கே?

பதில்: கோடு இல்லை, ஆளிநார்தான் இருக்கிறது. அந்நாரில் நெய்த லினன் துணியை உட்புறம் வைத்துத் தைத்ததால் வந்த பெயர் அது.

ஹட்டன் சாதாரண தர மாணவி: 2022ஆம் ஆண்டின் எரிபொருள் வரிசையைக் கட்டுரையில் ‘ஃபியூவல் லைன்’ என்று எழுதினேன். டீச்சர் அடித்துவிட்டார்.

பதில்: அடித்தது சரிதான், மகள். அமெரிக்கர் வரிசையை லைன் என்பார்கள். நாம் படிக்கும் பிரித்தானிய ஆங்கிலத்தில் அது கியூ. மேலும், ஃபியூவல் லைன் என்றவுடன் நினைவுக்கு வருவது தாங்கியிலிருந்து எஞ்சினுக்கு எரிபொருளைக் கொண்டுசெல்லும் குழாய். அதிகாலையிலிருந்து கானுடன் காத்து நின்றவர்களைப் பற்றி எழுதிய கட்டுரையில் வாகனத்தின் குழாய் புகுந்துவிட்டால் டீச்சர் வேறென்ன செய்வார்?

நானுஓயா வாசகர்: ஓர் அமைச்சரின் பதவி ‘ஒன் த லைன்’ என்று ஆங்கிலச் செய்தியில் கேட்டேன். தொலைபேசியிலா?

பதில்: பதவி பறிபோகும் நிலையில் இருக்கிறது என்பதே பொருள். ஆள் ஒன் த லைன் என்றால் பெரும்பாலும் தொலைபேசியில் காத்திருக்கிறார். பதவியோ பணமோ நற்பெயரோ அங்கே இருந்தால் அதற்கு ஆபத்து. எது அங்கே இருக்கிறது என்று பார்த்தாலே பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

பதுளை வாசகர்: டெட்லைனில் ஏன் சாவு வருகிறது?

பதில்: உண்மையாகவே சாவுதான். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது சிறை முகாமில் ஓர் எல்லைக்கோடு வகுத்து, அதைத் தாண்டிய கைதியைச் சுட்டார்கள். இறுதித் திகதி என்னும் பொருள் பத்திரிகை அலுவலகங்களில் பின்னர் பரவியது.