மெத்தென்ற பிவிசிக்குள் இருக்கும் எண்ணெய்: வாசகர் கேள்விகள்

வீட்டில் சிறு அளவில் வேதியியல் சோதனைகள் செய்து பார்ப்பவர்கள் பிவிசி பற்றி அனுப்பிய கேள்விகளில் சில.

தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் ஹோஸ் டியூபில் பிளாஸ்டிசைசர் இருக்கிறதாமே? அதை வீட்டில் பிரித்தெடுக்க முடியுமா?

முடியும். சொல்லப்போனால், அதை வெளியே வராமல் பிடித்து வைப்பதுதான் கஷ்டம். பிவிசி இயல்பில் விறைப்பானது. 1926-ல் பி.எஃப். குட்ரிச் நிறுவனத்தில் இருந்த வால்டோ செமன், கொதிநிலை அதிகமான கரைப்பான்களோடு அதைச் சூடாக்கியபோதுதான் வளைந்து கொடுக்கும் பொருளாக அது மாறியது. இன்றும் அதே வழிதான். பிளாஸ்டிசைசர் என்ற எண்ணெய் போன்ற திரவம் பிவிசியின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கு இடையே புகுந்து, அவை ஒன்றோடொன்று இறுகாமல் பார்த்துக்கொள்கிறது. சங்கிலியோடு அதற்கு வேதிப் பிணைப்பு எதுவும் கிடையாது. ஏற்ற கரைப்பான் கிடைத்தால் கிளம்பிவிடும். மென்மையான பிவிசியின் எடையில் 20 முதல் 40 சதவீதம் வரை இது இருப்பது சாதாரணம்.

ஆய்வகங்களில் ஹெக்சேன் அல்லது ஈதர் ஊற்றி கரைப்பானைத் திரும்பத் திரும்பப் பாய்ச்சும் சாக்ஸ்லெட் கருவியில் மணிக்கணக்கில் ஓட்டுவார்கள். வீட்டில் அது வேண்டாம். ஹெக்சேன் ஆவி சட்டென்று தீப்பிடிக்கும். தொடர்ந்து சுவாசித்தால் நரம்புகளைப் பாதிக்கும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் போதும். அதுவும் எரியக்கூடியதுதான், ஆனால் கையாள எளிது. டியூபை அரிசி அளவுக்கு நறுக்கி, 10 கிராம் எடை போட்டு, மூடியுள்ள கண்ணாடி ஜாடியில் ஆல்கஹாலில் மூழ்க வையுங்கள். அடுப்பு, விளக்கு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது. சில நாட்களுக்கு ஒருமுறை திரவத்தை இறுத்துச் சேர்த்துக்கொண்டு புதிதாக ஊற்றுங்கள். சேர்த்ததைக் காற்றோட்டமான திறந்தவெளியில், அகலமான கண்ணாடித் தட்டில் ஆற விட்டால் ஆல்கஹால் போய்விடும். அடியில் காயவே காயாத, லேசாக மஞ்சள் ஓடிய எண்ணெய் ஒரு படலமாக நிற்கும். தட்டைச் சாய்த்தால் சோம்பலாக நகரும்.

துண்டுகளையும் கவனியுங்கள். நன்றாகக் காய்ந்ததும் சுருங்கி, விறைத்து, விரலால் வளைத்தால் எதிர்த்து நிற்கும். எனக்கு அந்த எண்ணெயைவிட இதுதான் முக்கியமான முடிவு. ஒரு பொருளின் மென்மை எங்கிருந்து வருகிறது என்று கையாலேயே தெரிந்துகொள்கிறீர்கள். ஆனால் எடை போட அவசரப்படாதீர்கள். கரைப்பான் பிளாஸ்டிக்குக்குள் நாள்கணக்கில் தங்கும். இரண்டு நாள் இடைவெளியில் எடை மாறாமல் இருந்தால்தான் அந்தக் கணக்கை நம்பலாம்.

வெள்ளை பிவிசி பைப்பிலிருந்தும் எடுக்கலாமா?

எடுக்க அதில் ஒன்றும் இல்லை. தண்ணீர் பைப் பிளாஸ்டிசைசர் சேர்க்காத பிவிசி. ஹோஸ், ரெக்சின், மழைக்கோட்டு, ஒயரின் மேலுறை, இவற்றைப் பாருங்கள்.

கிடைத்த எண்ணெயைக் காய்ச்சி வடித்துச் சுத்தப்படுத்தலாமா? டியூபையே நேரடியாகச் சூடாக்கினால் என்ன?

இரண்டும் வேண்டாம். பிளாஸ்டிசைசர்களில் தாலேட் என்பது ஒரு வகை. கடைக்காரர்கள் டிஓபி என்று விற்கும் தாலேட்டின் கொதிநிலை சுமார் 385 டிகிரி செல்சியஸ். அவ்வளவு சூட்டில் அது சிதையத் தொடங்கிவிடும். தொழில்முறையில் வெற்றிடத்தில்தான் வடிப்பார்கள். டியூபைச் சூடாக்கினால் இன்னும் மோசம்: எண்ணெய் வடிவதற்கு வெகு முன்பே பிவிசி சிதைந்து ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை விடும். கண், தொண்டை, நுரையீரல் மூன்றையும் அது அரிக்கும். பிவிசியை எரிப்பதைப் பற்றி யோசிக்கவே கூடாது.

அது தாலேட்தான் என்று எப்படி உறுதி செய்வது?

நல்ல கேள்வி. கிடைத்த எண்ணெயை உடனே டிஓபி என்று பெயர் எழுதி பாட்டிலில் ஊற்றி வைத்துவிடாதீர்கள். அதில் வெப்பநிலைப்படுத்திகள், நிறமிகள், மசகுப் பொருட்கள் எல்லாம் கலந்திருக்கும். விலை மலிவான ஹோஸ்களில் தாலேட்டோடு குளோரினேற்றிய பாரஃபினையும் சேர்ப்பதுண்டு. அதைக் கண்டுபிடிக்க பெயில்ஸ்டீன் சோதனை உதவும். செம்புக் கம்பியைச் சுடரில் பழுக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, எண்ணெயில் தொட்டு, திறந்தவெளியில் மறுபடி சுடரில் காட்டுங்கள். தாலேட்டில் குளோரின் கிடையாது. ஆகவே சுடர் பச்சையானால் குளோரின் உள்ள வேறு ஏதோ கலந்திருக்கிறது என்று பொருள்.

தாலேட்டுக்கு என்று பழைய சோதனை ஒன்று உண்டு. எண்ணெயில் ஒரு சொட்டு, ரிசார்சினால் ஒரு சிட்டிகை, அடர் கந்தக அமிலம் இரண்டு சொட்டு. சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு, நிறையத் தண்ணீரில் மெதுவாக ஊற்றி, அப்புறம் நீர்த்த காஸ்டிக் சோடாவைச் சேர்த்தால் மஞ்சள் பச்சையாக ஒளிரும். அடால்ஃப் பேயர் 1871-ல் உருவாக்கிய ஃபுளோரசீன் அது. எண்ணெய் சேர்க்காத குழாய் ஒன்றையும் ஒப்பீட்டுக்குக் கட்டாயம் வையுங்கள். அடர் அமிலம் என்பதால் இதைக் கல்லூரி ஆய்வகத்தில், ஆசிரியர் முன்னால் மட்டும் செய்யுங்கள். டிஓடிபி என்ற இன்னொரு பிளாஸ்டிசைசருக்கு (டெரிதாலேட்) இந்த ஒளிர்வு வராது. புதிய பொருட்களில் இப்போது அதைத்தான் நிறையச் சேர்க்கிறார்கள், அதனால் ஒளிரவில்லை என்றால் பிளாஸ்டிசைசரே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

தெர்மாகோல் மேல் கிடந்த ஒயர் அதிலேயே புதைந்துவிட்டது. ஏன்?

கரைப்பானே இல்லாமல் நடந்த பிரித்தெடுப்பு அது. ஒயர் உறையிலிருந்த பிளாஸ்டிசைசர் மெல்ல தெர்மாகோலுக்குள் போய் அதை இளக்கிவிட்டது. ஜியாமெட்ரி பாக்ஸில் அழிரப்பர் பிளாஸ்டிக் ஸ்கேலோடு ஒட்டிக்கொள்வதும் இதனால்தான். பல அழிரப்பர்கள் மென் பிவிசி. புதைந்த ஒயரை மாற்றிவிடுங்கள். எண்ணெய் இழந்த உறை நொறுங்கும்.

இதைத் தொட்டால் ஆபத்தா?

ஒரு சொட்டு கையில் பட்டதற்காகப் பதற வேண்டாம். ஆனால் நைட்ரைல் கையுறை போடுங்கள், குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் பக்கத்தில் விடாதீர்கள். டிஓபி ஆண் இனப்பெருக்க உறுப்புகளின் வளர்ச்சியைப் பாதிப்பது விலங்குச் சோதனைகளில் தெளிவாகத் தெரிந்த விஷயம். பொம்மைகளில் இது 0.1 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் சட்டம் போட்டது. இந்தியாவில் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை 2021 ஜனவரி முதல் கட்டாயம். இதே டிஓபிதான் ரத்தப் பைகளிலும் இருக்கிறது. சிவப்பணுக்கள் உடையாமல் காக்கிறது என்பதால் அங்கே மாற்று கொண்டுவருவது எளிதாக இல்லை.

என் கருவியில் பிவிசி டியூப் மாட்டியிருக்கிறேன். பரவாயில்லையா?

தண்ணீர், காற்று மட்டும் போகிறதென்றால் சரி. கரைப்பான் போகிறதென்றால் உடனே மாற்றுங்கள். உங்கள் திரவத்தில் தாலேட் இறங்கும், டியூபும் விறைத்து விரிசல் விடும். பெரிய ஆய்வகங்களுக்கே இது ஓயாத தொல்லை. மூலக்கூறுத் துண்டுகளின் நிறையை அளக்கும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டரில் 149 என்ற இடத்தில் வேண்டாத கோடு எழுந்தால், முதலில் சந்தேகப்படுவது தாலேட்டைத்தான். கண்ணாடியோ டெஃப்லானோ போடுங்கள்.