மென்றால் மனம் தெளியுமா? (வாசகர் கேள்வி – பதில்)

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் குடும்பம் எங்களுடையது. என் கணவர் சென்ற ஆண்டு முதல் மனச்சோர்வுக்காக எஸ்சிட்டலோப்ராம் மாத்திரை சாப்பிட்டு வருகிறார். உறக்கமும் பசியும் ஓரளவு திரும்பிவிட்டன. 'ஆயுள் முழுக்க மாத்திரையா?' என்று வருந்தும் என் நாத்தனார், தென்னாப்பிரிக்காவில் வேலை பார்க்கும் தம் மகன் மூலமாகக் 'கன்னா' என்னும் மூலிகைக் காப்ஸ்யூலை வரவழைத்துக் கொடுத்திருக்கிறார். கற்றாழையைப் போல அதுவும் சதைப்பற்றுள்ள செடிதான், கெடுதல் செய்யாது என்கிறார். மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கலாமா, அல்லது மாத்திரையை நிறுத்திவிட்டுக் கொடுக்க வேண்டுமா?

பதில்: இரண்டும் வேண்டாம், சகோதரி. நாத்தனாரிடம் நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும் என்பதால், காரணத்தைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கன்னா என்பது ஸ்கெலீடியம் டார்டுவோசம் என்னும் தரையோடு படரும் சிறு செடி. தென்னாப்பிரிக்காவின் நமக்குவாலாந்து, கரூ ஆகிய வறண்ட பகுதிகளில் வளர்வது. காய்ந்த இலைகளில் சதை வற்றி நரம்புகள் மட்டும் எலும்புக்கூடு போலத் துருத்தி நிற்பதைக் கொண்டு அதை அடையாளம் காணலாம். அங்குள்ள பழங்குடிகளான சான், கோய்கோய் மக்கள் அதை நெடுங்காலமாக மென்று வந்திருக்கிறார்கள். பசி, தாகம், களைப்பு தெரியாமல் வேட்டையில் நடப்பதற்கும், பல்வலிக்கும், மனம் இலேசாவதற்கும் அது பயன்பட்டது. 1685-இல் நமக்குவாலாந்துக்குப் பயணம் போன டச்சு அதிகாரி சைமன் வான் டெர் ஸ்டெல், இந்தியர்கள் வெற்றிலை பாக்கை எவ்வளவு மதிக்கிறார்களோ அவ்வளவு அம்மக்கள் இதை மதிப்பதாகக் குறித்து வைத்தார். பயிரிட்டால் இலாபம் கிடைக்கும் என்று கணக்குப் போடவும் அவர் மறக்கவில்லை.

அவர்கள் அதைப் பறித்தவுடன் வாயில் போடவில்லை என்பதை நாத்தனார் கவனிக்க வேண்டும். செடியைக் கல்லில் நசுக்கி, தோற்பையில் கட்டி வெயிலில் வைத்து, இரண்டு மூன்று நாள் கழித்துப் பையைத் திறந்து கிளறி மறுபடி கட்டி, எட்டாம் நாளில் எடுத்துப் பரப்பி உலர்த்துவார்கள். இவ்வாறு புளிக்க வைப்பதில் அதன் ஆல்கலாய்டுகளின், அதாவது உடலில் வேலை செய்யும் தாவர வேதிப்பொருள்களின், கலவையே மாறுகிறது. பச்சைச் செடியில், மிகுந்தால் கெடுதல் செய்யும் ஆக்சலேட் என்னும் உப்பும் மிகுதி. பக்குவம், அளவு, சாப்பிடும் ஆள் என்று மூன்றையும் பார்த்து வளர்ந்த மரபு அது. காப்ஸ்யூலாகி நம் வீட்டு மேசைக்கு வரும்போது இந்த மூன்றில் எதுவும் உடன் வருவதில்லை.

வேலை செய்யாத மூலிகையாக இருந்தால் நான் இவ்வளவு கண்டிப்பாகச் சொல்லியிருக்க மாட்டேன். அது வேலை செய்வதுதான் இங்கே சிக்கல். அதிலுள்ள மெசெம்பிரின் முதலிய ஆல்கலாய்டுகள், மூளை நரம்புகள் வெளியிடும், மனநிலையோடு தொடர்புள்ள செரோட்டோனின் என்னும் வேதிப்பொருளை அந்த நரம்புகளே திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கின்றன. உங்கள் கணவரின் மாத்திரை செய்வதும் இதே வேலைதான். வயலில் நீர் நிற்க வேண்டும் என்று ஒருவர் வடிகால் வாயை அளவாக அடைத்து வைத்திருக்கும்போது, விவரம் அறியாமல் இன்னொருவர் வந்து முழுவதும் அடைத்துவிட்டுப் போனால் வரப்புத்தான் உடையும். செரோட்டோனின் மிகுந்துவிட்டால் கைகால் நடுக்கம், தசைத் துடிப்பு, மிகுந்த வியர்வை, வேகமான நெஞ்சுத் துடிப்பு, வயிற்றுப்போக்கு, காய்ச்சல், குழப்பம் ஆகியவை தோன்றும். முற்றினால் உயிருக்கே ஆபத்து. ஏற்கெனவே ஒரு காப்ஸ்யூலாவது உள்ளே போயிருந்து இவற்றில் எதுவும் தென்பட்டால், காப்ஸ்யூல் டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

ஆய்வுகள் நடக்காமல் இல்லை. 2013-இல் வெளியான ஒன்றில், இச்செடியின் தரப்படுத்தப்பட்ட சாற்றை 25 மில்லிகிராம் அளவில் ஒரே ஒரு வேளை 16 பேருக்குக் கொடுத்துப் பார்த்தபோது, அச்சம் தரும் முகங்களைக் கண்டு மூளையில் அச்ச உணர்வோடு தொடர்புள்ள அமிக்டலா பகுதி பதறுவது குறைந்தது. இன்னோர் ஆய்வில் 37 பேர் மூன்று மாத காலம் சாற்றையோ, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான மருந்தில்லா வெற்று மாத்திரையையோ எடுத்துக்கொண்டனர். பெரிய தீங்கு எதுவும் பதிவாகவில்லை. இவை நம்பிக்கை தரும் செய்திகளே. ஆயினும் அவற்றில் பங்கேற்றவர்கள் எல்லாரும் உடல்நலத்தோடு இருந்தவர்கள். மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் ஒருவரும் அவர்களில் இல்லை. உங்கள் கணவருக்கு அந்த முடிவுகளைப் பொருத்திப் பார்க்க வழியில்லை.

மாத்திரையைத் திடீரென நிறுத்துவதும் தவறு. தலைசுற்றல், தூக்கமின்மை, எரிச்சல் ஆகியவை வருவதோடு, அடங்கியிருந்த சோர்வும் மீண்டும் தலைதூக்கலாம். எத்தனை காலம் சாப்பிட வேண்டும், எப்போது குறைக்கலாம் என்று எழுதிக் கொடுத்த மருத்துவரிடமே வெளிப்படையாகக் கேளுங்கள். நன்றாகத் தேறியவர்களுக்கு மருத்துவர்களே படிப்படியாகக் குறைப்பார்கள். ஆயுள் முழுக்க என்று மருத்துவர் சொல்லியிருக்கிறாரா, அல்லது அது நாத்தனாரின் அச்சம் மட்டுமா? இடையில் மனம் தளர்ந்தால் 14416 என்னும் டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: நர்சரியில் கன்னா கேட்டால் பெரிய இலையும் சிவப்புப் பூவும் உள்ள செடியைக் காட்டுகிறார்கள். இதன் இலையை மெல்லலாமா? (மீனாட்சிபுரம் வாசகர்)

பதில்: அது கல்வாழை. பூவுக்காக வளருங்கள், மெல்ல வேண்டாம். நீங்கள் தேடும் செடி குளிர்காலத்தில் சிறிதளவே மழை பெறும் நிலத்துக்கு உரியது. நம் பக்கத்து ஆடி மழைக்கு வேர் அழுகிவிடும். அதன் குடும்பத்தைச் சேர்ந்த சாரணை நம் வயல்வரப்பில் களையாகவே முளைக்கிறது. உறவுச் செடி என்பதற்காக அதில் கன்னாவின் குணத்தைத் தேடாதீர்கள்.

கேள்வி: நம் பிரண்டை, கற்றாழை, ரணகள்ளி ஆகியவற்றுக்கு மனத்தைத் தெளிவிக்கும் குணம் உண்டா? (சித்தூர் வாசகர்)

பதில்: பிரண்டை எலும்புக்கும் பசிக்கும், கற்றாழை சூட்டுக்கும் புண்ணுக்கும், ரணகள்ளி சிறுநீரகக் கல்லுக்கும் என்றே மரபில் பெயர் பெற்றவை. மனத்தெளிவுக்காக அவற்றை நான் பரிந்துரைக்க மாட்டேன். குறிப்பாக, ரணகள்ளியில் இதயத்தைப் பாதிக்கக்கூடிய பொருள்கள் உள்ளன. டிகாக்சின் என்னும் இதய மருந்து சாப்பிடுகிறவர்கள் அதன் இலையை அன்றாடம் மெல்வதாக இருந்தால், இதய மருத்துவரிடம் அதை மறைக்கக் கூடாது.