ஆசிரியர் பெயரில் வரும் ‘ஜூனியர்’ நூற்பட்டியலில் ஏன் ‘ஜே.’ ஆகிவிடுகிறது?

மார்ட்டின் லூதர் கிங் ஜூனியரின் நூலுக்கு, மேற்கோள்களையும் நூற்பட்டியலையும் எழுதித்தரும் ஜோடெரோ மென்பொருள் தந்ததாக நீங்கள் காட்டியிருக்கும் வரி: “கிங், எம். எல். ஜே.” ஏபிஏ, அதாவது அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள் முறைப்படி வரவேண்டியது: “கிங், எம். எல்., ஜூனியர்”. ஆய்வேட்டை ஒப்படைக்கும் அவசரத்தில் வேர்டிலேயே கையால் திருத்திவிடலாம் என்று தோன்றும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஜோடெரோவில் ரிஃப்ரெஷ் அழுத்தியதும் நூற்பட்டியல் புதிதாக எழுதப்படும், உங்கள் திருத்தம் போய்விடும். திருத்தவேண்டிய இடம் ஜோடெரோவில் அந்த நூலுக்கு இருக்கும் பதிவுதான்.

பதிவைத் திறந்து ஃபர்ஸ்ட் நேம் கட்டத்தைப் பாருங்கள். “மார்ட்டின் லூதர் ஜூனியர்” என்று கமா இல்லாமல் இருக்கும். ஏபிஏ முதற்பெயர்களை இனிஷியலாகச் சுருக்கச் சொல்கிறது. மென்பொருளோ அந்தக் கட்டத்தில் இருக்கும் மூன்று சொற்களையும் பெயராக எடுத்துக்கொண்டு மூன்றையும் சுருக்கிவிடுகிறது. “மார்ட்டின் லூதர்” என்பதை அடுத்து ஒரு கமா, ஓர் இடைவெளி, பிறகு ஜூனியர் என்று மாற்றுங்கள். ஜோடெரோவில் ஜூனியர் போன்ற பின்னொட்டுக்குத் தனிக் கட்டம் கிடையாது. அந்தக் கமாதான் அதைப் பிரித்துக் காட்டுகிறது. பெயர் இரண்டு கட்டமாக இருக்கவேண்டும் என்பதையும் கவனியுங்கள். நிறுவனங்களுக்கான ஒற்றைக் கட்டத்தில் போட்டால் எதையும் பிரிக்காது, அப்படியே அச்சிடும்.

“குடும்பப்பெயரோடு சேர்த்து ‘கிங் ஜூனியர்’ என்று போட்டால் முடிந்ததே” என்று யாராவது கீழே எழுதுவார்கள். பட்டியலின் ஆரம்பமே “கிங் ஜூனியர், எம். எல்.” என்று தப்பாகிவிடும். கட்டுரைக்குள் “(கிங் ஜூனியர், 1963)” என்று வரும். ஏபிஏ முறையில் உள்மேற்கோளில் பின்னொட்டே வரக்கூடாது, “(கிங், 1963)” மட்டும்தான்.

இன்னொரு தொல்லை பலரைக் குழப்புகிறது. ஒரு பதிவில் ஜூனியருக்குப் பின் புள்ளி இருக்கும், இன்னொன்றில் இருக்காது. மென்பொருளுக்கு அவர்கள் இரண்டு வேறு ஆட்கள். வேறுபடுத்திக் காட்டுவதற்காக உள்மேற்கோளில் திடீரென்று “எம். எல். கிங்” என்று இனிஷியல் முளைக்கும். ஒரே ஆசிரியரின் எல்லாப் பதிவுகளிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும்.

மென்பொருள் மாற்றுகிறவர்களுக்குத்தான் உண்மையான ஆபத்து. எண்ட்நோட் என்ற மேற்கோள் மென்பொருளிலும், மென்பொருள்களுக்கிடையே பதிவுகளைக் கொண்டுசெல்லும் ஆர்ஐஎஸ் கோப்பிலும் வரிசை: குடும்பப்பெயர், முதற்பெயர், பின்னொட்டு. லேடெக் என்ற ஆவண மென்பொருளுக்கு நூற்பட்டியல் தயாரிக்கும் பிப்டெக்கில்: குடும்பப்பெயர், பின்னொட்டு, முதற்பெயர். ஆர்ஐஎஸ் வரிசையை பிப்டெக் படிக்கும் பிப் கோப்பில் அப்படியே ஒட்டினால் பிப்டெக் எந்த எச்சரிக்கையும் தராது; ஜூனியரை முதற்பெயராகவும் மார்ட்டின் லூதரைப் பின்னொட்டாகவும் எடுத்துக்கொண்டு “ஜூனியர் கிங், மார்ட்டின் லூதர்” என்று அச்சிடும். கமாவே இல்லாமல் இயல்பு வரிசையில் எழுதினால் இன்னும் மோசம். கடைசிச் சொல்தான் குடும்பப்பெயர் என்று கொண்டு அகரவரிசையில் கிங்கை ‘ஜே’ எழுத்தின் கீழே கொண்டுபோய் வைக்கும். பிப்டெக்குக்குப் பதிலாக பிபர் பயன்படுத்துகிறவர்கள் குடும்பப்பெயர், முதற்பெயர், பின்னொட்டு மூன்றையும் பெயரிட்டே தனித்தனியாகக் கொடுக்கலாம். வரிசைக் குழப்பமே வராது. ஜோடெரோவிலிருந்து பிப் கோப்பாக ஏற்றுமதி செய்தால், பின்னொட்டு உள்ள பெயர்களைத் தேடி வரிசையை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

பின்னொட்டை எடுத்தே விட்டால் என்ன என்று கேட்பவர்களுக்கு: ஆலிவர் வெண்டெல் ஹோம்ஸ் என்ற பெயரில் தந்தையும் மகனும் எழுதியிருக்கிறார்கள். பிரசவக் காய்ச்சல் தொற்றக்கூடியது என்று 1843-இல் வாதிட்டவர் மருத்துவரான தந்தை. 1881-இல் சட்ட நூல் வெளியிட்டவர் பின்னாளில் அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதியான மகன். இருவருக்கும் இனிஷியல்கூட ஒன்றுதான். பின்னொட்டை நீக்கினால் பட்டியலில் இருவரும் ஒருவராகிவிடுவார்கள். பட்டங்கள் வேறு விஷயம். பிஎச்டி, எம்டி எல்லாம் பெயரின் பகுதி இல்லை, இறக்குமதியில் ஒட்டிக்கொண்டு வந்தால் அழித்துவிடுங்கள்.

இவ்வளவு வேலையும் ஆய்வாளர் தலையில் ஏன் விழவேண்டும் என்பது என் நெடுநாள் கோபம். கட்டுரைகளுக்கு டிஓஐ என்ற நிரந்தர அடையாளக் குறியீட்டைப் பதிவு செய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பில் பின்னொட்டுக்கென்று தனிப் புலம் இருக்கிறது. பதிப்பகங்கள் பல அதைக் காலியாக விட்டுவிட்டு ஜூனியரைக் குடும்பப்பெயரோடு ஒட்டி அனுப்புகின்றன. தலைப்பை முழுக்கப் பெரிய எழுத்தில் அனுப்புவதும் இவர்கள்தான். அதையும் ஒவ்வொன்றாக உட்கார்ந்து மாற்றுவது மாணவர்கள்தான். கட்டுரைக்கு வடிவம் சரியில்லை என்று திருப்பி அனுப்பும்போது மட்டும் இவர்களுக்கு ஒவ்வொரு கமாவும் முக்கியம்.

பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தளத்தின் பதிவுகளையும் தனியாகப் பாருங்கள். அங்கே பின்னொட்டு இனிஷியலுக்குப் பின்னால் கமா இல்லாமல் நிற்கும். ரோமன் எண் மூன்று இருக்கவேண்டிய இடத்தில் ‘3ஆர்டி’ என்று இருக்கும். மருத்துவ இதழ்களில் வழங்கும் வான்கூவர் மேற்கோள் முறைக்கு அது பொருந்தும். ஏபிஏவுக்கு ரோமன் எண்ணாக மாற்றவேண்டும்.

பிரேசில் ஆசிரியர்களுக்கு மட்டும் மேலே சொன்னதைத் திருப்பிப் போடுங்கள். ‘ஃபில்யோ’ (மகன்), ‘நேட்டோ’ (பேரன்), ‘ஜூனியோர்’ (இளையவர்) ஆகியவற்றை அந்நாட்டு வழக்கப்படி குடும்பப்பெயரோடு சேர்த்தே எழுதவேண்டும். “சில்வா ஃபில்யோ” முழுவதும் லாஸ்ட் நேம் கட்டத்துக்குள் போகட்டும், நடுவில் கமா வேண்டாம். ‘நேட்டோ’வைத் தனியாக விட்டால் அந்தப் பெயரில் நூற்றுக்கணக்கானோர் சேர்ந்துவிடுவார்கள்.