குமுளி ஏற்றத்தில் சூடேறி நின்ற வண்டி: முழு இன்ஜினையும் மாற்ற வேண்டுமா?

வணக்கம் அண்ணா. லோயர் கேம்ப்பிலிருந்து குமுளி ஏறும்போது வண்டி சூடேறி நின்றது, வாரண்டி முடிந்து எட்டு மாதம், சர்வீஸ் சென்டரில் முழு இன்ஜினையும் மாற்றச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கவே கஷ்டமாக இருந்தது.

இனி ஒரு தடவைகூட ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். முதலில் டிப்ஸ்டிக்கை (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) உருவிப் பாருங்கள். ஆயில் பால் காபி நிறத்தில் இருந்தால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கலந்திருக்கிறது. பெரும்பாலும் ஹெட் கேஸ்கெட், அதாவது இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அதற்குக் கீழே உள்ள பிளாக்குக்கும் நடுவே கசியாமல் அடைக்கும் தகடு, போயிருக்கும். சூட்டில் ஹெட்டும் வளைந்திருக்கலாம், விரிசல் விட்டிருக்கலாம். ஹெட்டைக் கழற்றி மட்டம் பார்க்காமல் ‘இன்ஜினே போச்சு’ என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். லேசான வளைவை லேத் பட்டறையில் சீவிச் சரிசெய்துவிடலாம். சிலிண்டர் சுவரில் ஆழமான கீறல் இருந்தால் செலவு பெரிதாகும். கழற்றும்போது கூடவே நில்லுங்கள், போட்டோ எடுங்கள்.

அப்புறம், சர்வீஸ் பில்களை எல்லாம் இணைத்து கம்பெனிக்கே மெயில் அனுப்புங்கள். வாரண்டி முடிந்து அதிக நாள் ஆகவில்லை என்றால் சில சமயம் ஒரு பங்கு செலவை ஏற்பார்கள். அது சலுகைதான், ஆனாலும் கேளுங்கள்.

பழைய இன்ஜின் வாங்குவதாக இருந்தால் பில் இல்லாமல் தொடாதீர்கள். இன்ஜின் நம்பர் மாறும், அதை ஆர்சியில் ஏற்ற வேண்டும். நீங்கள் அடிக்கடி கேரளா போகிறவர், ஆர்சியில் உள்ள நம்பரும் வண்டியில் உள்ள நம்பரும் ஒத்துப்போகாவிட்டால் சோதனையில் மாட்டிக்கொள்வீர்கள்.

டிப்ஸ்டிக் போட்டோ போடுங்கள் அண்ணா, பார்த்துச் சொல்கிறேன்.